பழைய கணினிக்குப் புது வைஃபை அட்டை

திரையும் கணினியும் ஒன்றாகவே இருக்கும் பழைய ஆல்-இன்-ஒன் மற்றபடி நன்றாக ஓடும். வைஃபை மட்டும் தவழும். அதற்காகக் கணினியையே தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் வைஃபை அட்டையை மட்டும் மாற்றலாம்.

முதலில், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் அட்டையின் பெயரைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வென் என்ற எழுத்துகளை அடுத்து 8086 என்றிருந்தால் அது இன்டெல்.

அடுத்தது அளவு. பழைய கணினிகளில் பெரும்பாலும் மினி பிசிஐஇ வகை அட்டைதான். அரை அளவு அட்டை 30-க்கு 27 மில்லிமீட்டர் இருக்கும். பின்னால் வந்த எம்.2 அட்டை 22-க்கு 30. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நேரடியாகப் பொருந்தாது. அளவு பொருந்தும் அட்டையையே வாங்கினாலும், சில கணினிகளின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயம்தான். எம்.2 வாங்குவோர் இன்டெல் ஏஎக்ஸ்201-ஐத் தவிர்த்துவிடுங்கள். பழைய கணினியில் அது வேலை செய்யாது. ஏஎக்ஸ்200-ஐப் பாருங்கள்.

இனி அட்டையை மாற்றும் வேலை. அதில் மாட்டியிருக்கும் ஆன்டெனா வயர் மெல்லியது. பக்கவாட்டில் இழுக்காமல் நேர்மேலே தூக்கிக் கழற்றுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று முன்னதாகவே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கவே வேண்டாம்.