காகித நாணயத்தின் வரலாறு

(திருவண்ணாமலை, ரமணாசிரமப் பகுதியில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிரிவலம் வருவோர் கோயில் உண்டியலில் காணிக்கை இடுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். 'உண்டியல்' என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஓரூர் வணிகர் மற்றோரூர் வணிகருக்கு, இன்னாருக்கு இன்ன தொகை கொடுக்கவென எழுதியனுப்பிய சீட்டும் உண்டியலே. கள்வர் அஞ்சும் வழியில் வெள்ளியைச் சுமவாது, நாணயமுள்ளோர் வாக்கையே நம் முன்னோர் சுமந்து சென்றனர்.

வணிகர் செய்ததை அரசும் செய்யலாயிற்று. சீன தேசத்தில் 1024-ஆம் ஆண்டளவில் அரசாங்கமே பணச்சீட்டு வெளியிட்டது. நம் நாட்டில் முதலில் கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண பாங்கிகள் நோட்டுகள் வழங்கின. 1857-ஆம் ஆண்டுக் கலகத்தால் கஜானா வறண்டது. நிதி மந்திரியாக வந்த ஜேம்ஸ் வில்சன் 1860-இல் அரசாங்க நோட்டுத் திட்டம் வகுத்து, அவ்வாண்டே காலமானார். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமை அரசாங்கத்துக்கே உரியதாயிற்று. நான்கு கோடி ரூபாய் வரை கடன் பத்திரங்களை ஈடாக வைக்கலாம். அதற்கு மேற்பட்ட நோட்டுகளுக்கு நாணயமோ உலோகமோ கையிருப்பில் இருத்தல் வேண்டும் என்பது விதி.

எனினும் ஒரு வட்டார நோட்டு மற்றொரு வட்டாரத்தில் சட்டப்படி செல்லாது. இக்குறை 1903 முதல் படிப்படியாக நீங்கிற்று. முதல் உலக யுத்தத்தில் வெள்ளி அருகவே, 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு பிறந்து ஏழையின் மடியையும் அடைந்தது. 1935-இல் தோன்றிய ரிசர்வ் பாங்கி, 1938 முதல் தன் பெயரால் நோட்டு வெளியிட்டது.

காகிதத்தின் மதிப்பு வாக்கின் மதிப்பே. வாக்கை அளித்தவரே அதனை மீட்கவும் வல்லர். 1946, 1978, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொகை நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர், பேத்தியின் கலியாணத்துக்கென அரிசிப் பானையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 2016 டிசம்பரோடு தவணை முடிந்த செய்தியை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. மறுதையில் பானையைக் கவிழ்த்தபோது அவ்வம்மையார் அழவில்லை. "இதில் அரசன் முத்திரை இருக்கிறதே" என்று மட்டும் கேட்டார். நாம் விடையற்று நின்றோம்.

குற்றம் அவருடையதன்று; அருகிருந்தும் கூறாத நம்முடையது. ஆதலின் நம் இல்லத்துப் பெண்மணிகள் ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே பாங்கிக் கணக்கு வைத்தல் வேண்டும். படித்த பிள்ளைகள் முதியோருக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டுதல் வேண்டும். 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னது கைமாறும், பின்னது நம்மிடமே நிலைக்குமாக.