மீனுமன்று, பல்லியுமன்று

கல்பாத்தியில் அமர்ந்து மொழிபெயர்ப்புத் தொழில் புரியும் எனக்கு அண்மையில் ஒரு சொல் பெருந்தொல்லை தந்தது. 'இக்தியோசார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மீன்பல்லி' என்றாகும். அப்பிராணியோ மீனுமன்று, பல்லியுமன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, கடலிலேயே வாழ்ந்து மறைந்த ஊர்வன வகை.

அதன் எச்சங்கள் தமிழகத்திலும் உண்டு. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஊட்டத்தூர்ப் பாறைப் படிவங்கள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. அங்குக் கிடைத்த சில முதுகெலும்புகளைக் கொண்டு, 1879-இல் லைடெக்கர் என்னும் அறிஞர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று ஓர் இனத்திற்குப் பெயர் சூட்டினார். ஆனால் இவ்வகைப் பிராணிகள் பலவற்றின் முதுகெலும்புகள் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அப்பெயர் ஐயத்திற்குரியது என்பர் இன்றைய அறிஞர். பிற்காலத்தில் காரைப் படிவங்களில் இதன் பற்களும் கிடைத்தன. பிராணி வாழ்ந்தது மெய், பெயர்தான் நிலைபெறவில்லை.

கட்ச் பகுதியில் லோடாய் என்னும் ஊரருகே ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடே கிடைத்தது. நீளம் சுமார் ஐந்தரை மீட்டர்; வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள். 2017-இல் அதனை விவரித்த ஆராய்ச்சியாளர்கள், அது இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்று கூறினரேயன்றிப் புதிய இனப்பெயர் சூட்டவில்லை.

ஒரு சொல்லைக் கண்டவுடன் வாக்கியத்தின் பொருளை முடிவுசெய்வது மொழிபெயர்ப்பாளன் செய்யத் தகாத பிழை. அவ்வடக்கத்தை அவர்களிடம் கற்ற நான், 'மீன்பல்லி'யை அடித்துவிட்டு, 'இக்தியோசார்' என்றே எழுதினேன்.