மாட்டுக்கும் ஒரு ஜன்னல்

(ஹட்டனில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் தோட்டத் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடையில் மாட்டுப்பட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்த மாதத்தில் கடைக்கடனை அடைத்தது எத்தனை வீட்டில் பால் காசு? 2021, 2022இல் நாடே பால்மா பெட்டிக்கு வரிசையில் நின்றபோது, பிள்ளைக்கு ஒரு கோப்பைப் பால் கொடுத்தது எது? பட்டியில் நின்ற மாடுதான். அதனால் இதுவும் தொழிலாளியின் பிரச்சினைதான்.

நான் லயத்தில் பிறந்தவள். இருபது வருடமாக மாடு வளர்க்கிறேன். முதல் மாடு வாங்கிய வருடம் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஆடி மாதம். காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. வாயில்லா ஜீவன் குளிரில் விறைக்குமே என்று பட்டியின் நான்கு பக்கமும் உரச் சாக்கை வைத்து ஆணி அடித்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக்கூட விடவில்லை. மூன்று கிழமையில் மாடு இருமியது. முழங்கால் தோல் உரிந்தது. ஒரு காம்பு வீங்கிப் பால் திரிதிரியாக வந்தது. பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மிருக வைத்தியர் வந்தார். ஊசி போடுவதற்கு முன் கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிக் கையைக் காட்டினார். வெளியே மழை விட்டிருந்தது. உள்ளே தகரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "மாட்டுக்குக் குளிர் இல்லையம்மா, மூச்சுத்தான் இல்லை" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதுகோடு முதுகாகக் கட்டிய லயத்தில், பின்பக்கம் ஜன்னல் இல்லாத காம்பராவில், அடுப்புப் புகையில் இருமி வளர்ந்தவர்கள் நாம். ஜன்னல் வேண்டும், தனி வீடு வேண்டும் என்று கேட்ட நாமே அந்தக் காம்பராவை மாட்டுக்குக் கட்டிக் கொடுக்கிறோம்.

நம் மலையில் நிற்பவை பெரும்பாலும் பிரீசியன், அயர்ஷயர், ஜேர்சி கலப்பு மாடுகள். குளிர் நாட்டு இரத்தம் உள்ளவை. வயிற்றில் புல் புளித்துச் செரிக்கிறபோதே அவற்றுக்குச் சூடு பிறக்கிறது. 5 பாகையிலிருந்து 20 பாகை வரை அவற்றுக்குச் சுகம்தான். நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவுதான். ஆகவே உலர்ந்து நிற்கிற பெரிய மாட்டுக்கு நம் குளிர் பகையில்லை, ஈரம்தான் பகை. மாடு மூச்சிலும் தோலிலும் ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் அளவு நீரை ஆவியாக விடுகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் மூத்திர நெடியோடு சேர்ந்து உள்ளேயே நிற்கும். நெஞ்சும் கெடும், மடியும் கெடும்.

கன்றுக்குட்டி மட்டும் வேறு. பிறந்த குட்டிக்குக் குளிர் தாங்காது. தை, மாசியில் உறைபனி விழும் நாட்களில் அதற்குக் காற்றுப் படாத மூலையும், கனமான உலர்ந்த புல் படுக்கையும் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் காற்று. மழைக்காற்று அடிக்கும் பக்கம் மாட்டின் உயரத்துக்குச் சுவர் இருக்கட்டும். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் தென்மேற்குக் காற்று மேற்கிலிருந்து வரும். சுவருக்கு மேலே சாக்கைச் சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரிக் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். கூரை முகட்டில் ஆவி போக இடைவெளி விட்டு, மழை விழாமல் அதற்கு மேல் ஒரு தகரத்தைத் தூக்கி வையுங்கள்.

இரண்டாவது படுக்கை. பால் மாடு ஒரு நாளில் பாதி நேரம், பன்னிரண்டு மணித்தியாலம் அளவு, படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கும்போது மடிக்கு இரத்தம் கூடுதலாக ஓடும். அசை போடும், குளம்புக்கும் ஓய்வு. உங்கள் பட்டியில் மாடு சுகமாகப் படுக்குமா என்று பார்க்க வைத்தியர் வேண்டாம். மாடு படுக்கிற இடத்தில் நீங்களே முழங்காலை ஊன்றிப் பத்து எண்ணுங்கள். வலித்தால் அதற்கும் வலிக்கும். சேலை நனைந்தால் அதன் மடியும் நனைந்திருக்கிறது. ரப்பர் விரிப்பு வாங்க முடியாதவர்கள் காய்ந்த மானாப்புல்லையோ மரத்தூளையோ போட்டு, நனைந்ததை அன்றாடம் மாற்றுங்கள். தரை ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் பின்பக்கம் சரிந்தால் மூத்திரம் தானாகக் கானுக்கு ஓடும்.

மூன்றாவது இடம். ஒரு மாட்டுக்கு நான்கு அடி அகலம் வேண்டும். மாடு எழும்பும்போது தலையை முன்னுக்கு நீட்டி, பின்பாகத்தைத்தான் முதலில் தூக்கும். முகத்துக்கு நேரே சுவர் இருந்தாலோ, கயிறு குட்டையாக இருந்தாலோ அது எழும்பத் தவிக்கும். நாய் மாதிரிக் குந்தி எழும்புகிற மாடு, இடம் போதவில்லை என்று நமக்குச் சொல்கிறது.

நான்காவது தண்ணீர். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஒரு லீற்றர் பாலுக்கு நாலைந்து லீற்றர் குடிக்க வேண்டும். பத்து லீற்றர் கறக்கிற மாட்டுக்கு ஐம்பது, அறுபது லீற்றர் தேவை. காலையும் மாலையும் ஒரு வாளி காட்டினால் போதாது. இரவிலும் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும்.

இங்கேதான் சங்கம் வருகிறது. அந்த அறுபது லீற்றரைப் பீலியிலிருந்து சுமப்பது யார்? மலையில் கொழுந்து பறித்துவிட்டு, வருகிற வழியில் புல்லும் அறுத்துக்கொண்டு வருகிற பெண்தான். அவளிடம் போய் இன்னும் நாலு குடம் சும என்று சொல்ல நான் வரவில்லை. பட்டி வரைக்கும் குழாய் வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்.

1992இல் தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்துக்குப் போயின. நாம் குடியிருக்கிற நிலம் இன்னும் நம் கையில் இல்லை. நாளைக்கு உடைக்கச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் சீமெந்துத் தரை போடாமல், பழைய தகரத்தில் ஒதுக்குப்புறமாகப் பட்டி கட்டுகிறார்கள். ஆகவே தோட்டத் தலைவர்மார் நிர்வாகத்தோடு பேசும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள். பட்டிக்கு எழுத்தில் அனுமதி. தண்ணீர்க் குழாய். கைவிட்ட தேயிலை நிலத்தில் புல் வளர்க்க ஒரு துண்டு. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று வீட்டுக் காணி பேசும்போதே, பீலிக்கு மேலே கழிவு ஓடாத ஓர் இடத்தில் பட்டிக்கும் ஒதுக்கீடு. 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவைப் பார்த்தோம். மலையை நேர்செங்குத்தாக வெட்டி அதன் அடியில் மாட்டையும் கட்டாதீர்கள், வீட்டையும் கட்டாதீர்கள்.

இந்த நான்கும் கிடைக்க நாள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலையும் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் பட்டிக்குள் போய் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், ஒரு சாக்கைக் கழற்றி விடுங்கள். நான் அன்றைக்கே கழற்றினேன். அந்த மாடு அதற்குப் பிறகு என் வீட்டில் ஐந்து கன்று போட்டது.