சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு



காலை ஏழு மணிவாக்கில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். சாலையோரம் அங்கங்கே இளம்பிள்ளைகள் கும்பலாக நிற்பார்கள். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லார் தோளிலும் ஒரு பை, பைக்குள் டிபன் டப்பா. ஒரு பஸ் வந்து நின்றால் பாதிப் பேர் ஏறிப் போவார்கள். அது கம்பெனி பஸ். அடுத்த பஸ்ஸில் மீதிப் பேர். அது காலேஜ் பஸ். ஏறுகிற வரைக்கும் யார் தொழிலாளி, யார் மாணவர் என்று முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பத்தொன்பது, இருபது வயதில் எல்லாமே தூக்கம் கலையாத முகங்கள்தான்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. படிக்கிறவர்கள், ஆனால் நாலு காசு சம்பாதிக்காமல் படிப்பை ஓட்ட முடியாதவர்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிற பையனிடம் என்ன பண்றே தம்பி என்று கேளுங்கள். ஏதாவது ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்வான். 'கேட்டரிங்குக்குப் போறேன்' என்றால் அவர்கள் அகராதியில் சமையல் படிக்கிறான் என்று பொருள் அல்ல. ராத்திரி முழுக்க சாம்பார் வாளி தூக்குகிறான் என்று பொருள். மறுநாள் முதல் பீரியடில் உட்கார்ந்து தூங்குவான். சிலர் பைக் வைத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள். ஒரகடம் பக்கம் கிடங்குகள் பெருகிய பிறகு பெட்டி பிரித்து அடுக்குகிற வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கிற வளாகத்துக்குள்ளேயே, மின்விசிறிக்குக் கீழே, படிப்பை ஒட்டிய வேலை ஒன்று இருக்கிறது. நூலக வேலை. அதைக் காசு கொடுத்து அவர்கள் கையில் ஒப்படைக்க நமக்கு ஏன் தோன்றவில்லை? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதே பையன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனால் கதை வேறு. விசா கையில் வந்ததுமே சீனியருக்கு வாட்ஸப்பில் கேள்வி போகும்: 'ஆன் கேம்பஸ் வேலை கிடைக்குமாண்ணா?' மாணவர் விசாவில் போகிறவர்கள் வகுப்பு நடக்கிற காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். உணவுக்கூடம், ஆய்வகம், நூலகம் என்று இடங்கள் உண்டு. நூலகத்தில் இடம் பிடித்தவன் அதிர்ஷ்டசாலி. கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில் தன் பாடத்தைப் படிக்கலாம். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ, 1964-இல் அதிபர் ஜான்சன் ஆட்சியில் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். வசதியில்லாத மாணவருக்குக் கல்லூரி வேலை கொடுக்கும், கூலியில் பெரும்பங்கை அரசு கொடுக்கும்.

ஆக, இங்கே தண்டலத்திலோ பென்னலூரிலோ கல்லூரியில் நாலு வருஷம் படித்தபோது நூலகத்தில் ஒரு புத்தகத்தைக்கூட எடுத்து அடுக்காத பிள்ளை, டெக்சாஸில் போய் வண்டி தள்ளிக்கொண்டு அடுக்குகிறான். வீட்டில் சொல்வானா என்பது வேறு விஷயம். 'லட்ச லட்சமா ஃபீஸ் கட்டிப் படிக்க வச்சது புக்கு அடுக்கவா?' என்று அம்மா கேட்டுவிடுவார். நம் தயக்கத்தில் பாதி இந்த மானப் பிரச்சினைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காலத்தில் நம் ஊரில் ஏழை மாணவர்கள் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தார்கள். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு. படிக்க வைத்தது தர்மம். ஆனால் தலை குனிந்துதான் சாப்பிட வேண்டும், அதுவும் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் கிடைத்துவிடாது. மராட்டியத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் இதற்கு வேறு வழி கண்டார். 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் வைத்து, உழைத்துப் படியுங்கள் என்றார். 1947-இல் சாத்தாராவில் கல்லூரி தொடங்கியபோதும் அதே கொள்கைதான். புனே பல்கலைக்கழகம் இன்றைக்கும் அவர் பெயரில் 'சம்பாதித்துக்கொண்டே படி' என்ற திட்டத்தை நடத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022-இல் வகுத்த வழிகாட்டுதலில் இதைச் சொன்னது: வசதி குறைந்த மாணவர்களுக்கு வளாகத்திலேயே வேலை கொடுங்கள், வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எங்கெங்கே கொடுக்கலாம் என்ற பட்டியலில் நூலகமும் இருக்கிறது. காகிதத்தில் வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நூலக வேலை என்றால் என்ன வேலை? மாணவனாக இருந்தபோது சில மாதம் நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். சாயங்காலம் இரண்டு மணி நேரம். திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரமே நூலகர் என்னைக் கூப்பிட்டு, ஒரு மின்பொறியியல் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். அரை மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. அதைத் தமிழ் நாவல்களுக்கு நடுவே செருகியது நான்தான் என்று அவருக்கு முன்பே தெரியும். 'திருடு போன புத்தகம்கூட என்னைக்காவது திரும்பி வரும் தம்பி, இடம் மாறின புத்தகம் வராது' என்றார். அதற்கப்புறம் எனக்கு எண்கள் மனப்பாடம். புத்தகங்களைப் பகுக்கும் டியூயி முறையில் 621.3 என்றால் மின்னியல். 629.2 மோட்டார் வாகனம். 894.811 தமிழ் இலக்கியம்.

ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற யாரிடமும் 'ஃபைவ் எஸ்' என்று சொல்லிப் பாருங்கள், ஒப்பிப்பார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அதை விதிமுறையாக்கு, அதையே வழக்கமாக்கு. ஜப்பான்காரர்களிடமிருந்து வந்தது. ஸ்பானரை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்றால் லைன் நிற்கும். நூலகமும் அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. பார்கோடு படிப்பது, தாமதக் கட்டணக் கணக்கு, வருஷாந்திர ஸ்டாக் எடுப்பது, கிழிந்த அட்டைக்கு ஒட்டுப் போடுவது, ஆய்விதழ் எங்கே கிடைக்கும் என்று முதலாண்டுப் பிள்ளைக்குக் கணினியில் காட்டிக் கொடுப்பது. இவை எல்லாம் சேர்ந்து ஒருவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று கம்பெனியில் ஆள் எடுக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நூலகத்துக்கும் பாகங்களைப் பூட்டுகிற தொழிலுக்கும் உள்ள உறவு நான் இட்டுக்கட்டியது அல்ல. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த அறையில் உட்காரப் பிடிக்காமல், என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். போனார். அங்கே செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடு, கம்பி, திருகு. அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. அறிவுத்துறைகளையும் இப்படிச் சின்னச் சின்ன பாகமாக்கிப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு வித்து அந்தப் பொம்மைதான். காரும் கைப்பேசியும் பாகம் பாகமாகப் பூட்டப்படுகிற இந்த மண்ணுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவருடைய நாட்டிலேயே பெரும்பாலான கல்லூரிகள் டியூயி முறையைத்தான் வைத்திருக்கின்றன என்பது ஒரு தனி வருத்தம்.

  1931-இல் ரங்கநாதன் நூலகத்துக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியை விளக்கும்போதே, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்ற கேள்விக்கு வந்துவிடுவார். படிக்கிறவனுக்கு ஓய்வு இருக்கிற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எத்தனை ஆயிரம் புத்தகம் இருந்து என்ன?

நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் சாயங்காலம் ஐந்து மணி, மிஞ்சிப்போனால் ஆறு மணிக்குப் பூட்டு விழுகிறது. வகுப்பு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், ஆள் இல்லை என்பார்கள். ஆள் எதிரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் காசு வேண்டும், நூலகத்துக்குக் கை வேண்டும். ஒரு நூலகர், இரண்டு மாணவர்கள், எட்டு மணி வரை விளக்கு. கணக்கு இவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தால் மாணவர்கள் மட்டும்தான் வருவார்களா? ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பெண்களில் பலர் பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்துவிட்டு வந்தவர்கள், தபாலில் டிகிரி படிக்கிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் உண்டு: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு உள்ளே போனவர்கள், இருபத்தைந்து வயதில் அனுபவத்தோடும் பட்டம் இல்லாமலும் வெளியே வந்தார்கள். அதைப் பார்த்த தலைமுறையின் தங்கைகள்தான் இன்று ஷிப்டு முடிந்து வந்து பாடப்புத்தகத்தைத் திறக்கிறார்கள். பக்கத்துக் கல்லூரி நூலகம் வாரத்தில் இரண்டு சாயங்காலம் இவர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கவுண்டரில் அவர்கள் வயதுப் பெண்ணே உட்கார்ந்திருந்தால் உள்ளே வரத் தயக்கமும் இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். சிப்காட் பக்கம் 'டிரெய்னி' என்ற சொல் ரொம்பத் தேய்ந்துபோன சொல். 2013-இல் வந்த 'நீம்' என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தில் பயிற்சி என்ற பெயரில் சேர்ந்தவர்கள் பலர் லைனில் மற்றவர்கள் செய்த வேலையைத்தான் செய்தார்கள். கையில் வந்ததற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, உதவித்தொகை, பி.எஃப். கிடையாது. நூலகத்திலும் அது நடக்கலாம். நூலகர் பணியிடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, மூன்று மாணவர்களை வைத்து ஒப்பேற்றிவிடுகிற நிர்வாகம் வராது என்று யார் சொல்வது? மாணவர் நூலகருக்குக் கை கொடுக்கலாம். நூலகர் நாற்காலியில் உட்காரக் கூடாது. மணிக்கணக்குக்குக் காசு, அதை வங்கிக் கணக்கில் போடுவது, தேர்வு வாரத்தில் விடுப்பு, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டு வருமானத்தைப் பார்ப்பது. இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். பிரின்ஸிபாலுக்கு வேண்டிய பிள்ளைக்குக் கொடுக்கிற பரிசாக இது மாறிவிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கடைசியில் ஒரு சின்ன விஷயம் குறுக்கே நிற்கும். பஸ். நாலு, நாலரைக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் வீடு போய்ச் சேர ஊரில் பாதியைச் சுற்ற வேண்டும். அதனால் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு மதிய இடைவேளை, இலவச பீரியடு, சனிக்கிழமை என்று பிரித்துக் கொடுக்கலாம். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை விடுதிப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

விடுதிப் பையன்கள், என்று சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் விடுதிகள் பலவற்றில் ஆறு, ஆறரைக்கெல்லாம் வருகைப் பதிவு எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஐம்பதடி தள்ளியிருக்கிற நூலகத்துக்குப் போவதென்றாலும் வார்டனிடம் கடிதம் கொடுக்க வேண்டும், அப்பா போனில் சம்மதம் சொல்ல வேண்டும். அதே ராத்திரி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அவள் வயதுப் பெண் ஒருத்தி டிபன் டப்பாவும் அடையாள அட்டையுமாக நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருப்பாள்.