கட்டும் வீடும்

(தசலட்சணப் பெருவிழாவில் இல்லறத்தாரை நோக்கி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் தருவது. குடியிருக்கும் மனை ஒன்று. வினைகள் முற்றும் நீங்கிய விடுதலை மற்றொன்று. 'கட்டு' என்னும் சொல்லும் அத்தகையதே. சுவரைக் கட்டுகிறோம், தவணையைக் கட்டுகிறோம், வினை உயிரைப் பற்றி நிற்பதையும் கட்டு என்றே நம் நூல்கள் வழங்குகின்றன. இன்று நகரத்தில் மனை வாங்கும் இளங்குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. வீடு கைக்கு வருகிறது. அதனோடு இருபது ஆண்டுக் கட்டும் வருகிறது. அந்தக் கட்டை உரிய காலத்துக்கு முன்பே தளர்த்துவது எங்ஙனம், அதற்காக எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தல் ஆகாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று. கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. உடன் கணவரின் தாயார். 2016ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு அப்பால் இரண்டு அறைகள் கொண்ட அடுக்ககம் ஒன்றை வாங்கினர். ஊரிலிருந்த சிறு நிலத்தை விற்ற பணம் முன்பணமாயிற்று. எஞ்சிய ரூ.20 லட்சம் வங்கிக் கடன். வட்டி 9 விழுக்காடு, காலம் 20 ஆண்டு, மாதத் தவணை ரூ.17,995.

முதல் ஆண்டு முடிவில் வங்கியிலிருந்து கணக்கறிக்கை வந்தது. மனைவி அதை இருமுறை படித்தார். அச்சுப் பிழையோ என ஐயுற்றார். பன்னிரண்டு மாதங்களில் அவர்கள் கட்டிய தொகை ஏறத்தாழ ரூ.2,16,000. கடனின் அசலில் குறைந்ததோ ரூ.37,500கூட இல்லை. மற்றதெல்லாம் வட்டி.

பிழை ஏதும் இல்லை; கடனின் இயல்பே அது. ரூ.20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு என்றால், முதல் மாத வட்டி மட்டும் ரூ.15,000. ரூ.17,995 கட்டினால் அசலுக்குச் செல்வது ரூ.2,995 மட்டுமே. அசல் மெல்ல மெல்லக் குறையக் குறைய வட்டியும் குறையும்; பிற்காலத்துத் தவணைகளில்தான் அசலின் பங்கு மிகும். வட்டி மாறாதிருக்குமெனக் கொண்டு கணக்கிட்டால், ஒன்பது ஆண்டுகள் தவறாது கட்டிய பின்னும் ரூ.15 லட்சம் பாக்கி நிற்கும். இருபது ஆண்டு முடிவில் வட்டி மட்டும் ரூ.23 லட்சத்தைக் கடந்திருக்கும்.

இக்கணக்கின் மறுபக்கம் நம்பிக்கை தருவது. தவணைக்கு மேல் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்குச் செல்லாமல் நேரே அசலைக் குறைக்கிறது. குறைந்த அசலுக்கு அதன்பின் என்றும் வட்டி இல்லை. கடனின் தொடக்கத்தில் ரூ.1,000 கூடுதலாகக் கட்டினால், இருபதாம் ஆண்டின் கடைசித் தவணைகளில் ஏறத்தாழ ரூ.6,000 குறையும். நாள் ஒன்றுக்கு ரூ.50, அதாவது மாதம் ரூ.1,500 கூடுதலாகச் செலுத்தினால், கடன் மூன்றரை ஆண்டுக்கு முன்பே முடியும். நாள் ஒன்றுக்கு ரூ.100, அதாவது மாதம் ரூ.3,000 செலுத்தினால், இருபது ஆண்டுக் கடன் பதினான்கு ஆண்டில் தீரும். வட்டியில் ஏறத்தாழ ரூ.8 லட்சம் மிஞ்சும்.

இதற்கு வங்கி தண்டம் விதிக்குமோ என்னும் அச்சம் பலர்க்கு உண்டு. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் பெறலாகாது என 2012ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டுவிட்டது. நிலையான வட்டிக் கடனாயின், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். கூடுதல் பணம் செலுத்தும்போது, மாதத் தவணையைக் குறைக்க வேண்டா, கடன் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் இன்றியமையாதது.

அக்குடும்பத்து மருமகள் நாள் ஒன்றுக்கு ரூ.100 என்பதைக் குறியாகக் கொண்டார். அதற்கு வழி காட்டியவர் மாமியார். பெரிய கல்வி இல்லாதவர்; ஆயினும் சிற்றூர்ச் சினாலயத்தில் ஆண்டுதோறும் அறவுரை கேட்டு வளர்ந்தவர். "பணத்தை மிச்சம் பிடிக்கணும்னு நெனச்சா பிடிபடாதும்மா. விரதம்னு எடுத்துக்கோ, தானா நிக்கும்" என்றார் அவர்.

அம்மூதாட்டி கூறிய விரதம் நம் இல்லறத்தார்க்குப் புதியதன்று. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கங்களை வகுத்துரைக்கின்றன. பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்வது ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. நுகர்ச்சிக்கு எல்லை வகுப்பது போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதம். ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்வது போகம், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம்; உடை அத்தகையது. இவ்வெல்லையை வாழ்நாள் முழுதுக்கும் வகுத்துக்கொள்வோர் உளர். அஃது இயலாதார் ஒரு நாளைக்கோ, ஒரு திங்களுக்கோ, அரையாண்டுக்கோ வகுத்துக்கொள்ளவும் நம் நெறி இடந்தருகிறது. எளியோர்க்கும் இயலுமாறு படிக்கட்டு அமைத்துத் தந்த முன்னோரின் அருள் அது.

அவர்கள் ஆறு மாத எல்லையோடு தொடங்கினர். முதலில் கைவைத்தது இரவு உணவில். அலுவலகத்தில் நேரமாகும் நாள்களில் கணவர் வாரம் இருமுறை கைபேசி வழியே உணவு வரவழைப்பார், முறைக்கு ரூ.250 ஆகும். இரவுண்ணாமை நம் குடிப்பிறந்தார்க்குக் குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்படும் ஒழுக்கம். நகர வாழ்வில் அது அவரிடம் நழுவியிருந்தது. மனைவி கட்டிக்கொடுத்த சிற்றுண்டியை ஞாயிறு மறையுமுன் அலுவலகத்திலேயே உண்ணத் தொடங்கினார். நழுவிய ஒழுக்கமும் மீண்டது, மாதம் ரூ.2,000க்கு மேல் மிஞ்சவும் செய்தது. மாலையில் கடையில் செலவிடும் ரூ.30 நின்றது. எவரும் பாராத தொலைக்காட்சிக் கட்டணத் தொகுப்பு ஒன்று நின்றது. ரூ.3,000 சேர்ந்துவிட்டது. சம்பளம் வந்த மறுநாளே அத்தொகை கடன் கணக்குக்குச் சென்றது. மாத முடிவில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று காத்திருந்தால் மிஞ்சாது என்பதை மருமகள் அறிந்திருந்தார்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டியாயிற்று. கணவர்க்கு அது பெருமிதமாயிற்று. பெருமிதம் மெல்ல வேட்கையாயிற்று. நூறு என்பது நூற்றிருபதாகலாகாதா என்று கணக்கிட்டார். வீட்டில் எவர் எதற்குப் பணம் கேட்பினும், "எத்தனை நாள் கடன் கூடும் தெரியுமா?" என்பார். விளையாட்டாகக் கூறியதுதான், ஆயினும் கேட்பவர் நெஞ்சில் அது தங்கிற்று.

ஒருநாள் விடியற்காலையில் தாயார் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் முன்பணம் கேட்டனர். வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருந்தது ரூ.4,000. கடனுக்குக் கூடுதலாகக் கட்டிய லட்சம் ரூபாய் கடனைக் குறைத்ததே ஒழிய, அவசரத்துக்குத் திரும்பி வரக்கூடியதாக இல்லை. மருமகள் தம் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். 9 விழுக்காட்டுக் கடனை முந்தி அடைக்க முனைந்தவர்கள், அதனினும் மிகுந்த வட்டிக்குக் கடன்பட்டனர்.

அதனினும் பெரிய அதிர்ச்சி பின்னர் வந்தது. மருத்துவர் வினவியபோது, இரத்த அழுத்த மாத்திரையை ஓராண்டாக ஒருநாள் விட்டு ஒருநாளே உண்டு வந்ததாகத் தாயார் தயங்கித் தயங்கிக் கூறினார். மாத்திரை வாங்கத் தரும் பணத்தில் பாதியைச் சிறு டப்பா ஒன்றில் இட்டு வைத்திருந்தார். கடன் முடியும் கடைசி மாதத்தில் மகனிடம் தருவதற்காக. மகன் அந்த டப்பாவைத் திறந்து எண்ணவில்லை. மருத்துவமனை நடையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

இல்லறத்தோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. விரதம் என்பது ஒருவர் தம் விருப்பத்தால், தம் நுகர்ச்சிக்கு, தாமே வகுத்துக்கொள்ளும் எல்லை. அதன் சுமை சொல்லாமலே பிறர் தோளில் ஏறுமாயின், அது விரதம் ஆகாது. முதியவரின் மருந்தைக் குறைத்துச் சேர்த்த பணம் கொல்லாமை என்னும் முதல் அறத்தையே உரசிப் பார்க்கிறது. கடனை அடைக்கும் வேட்கையும் ஒரு வேட்கையே. எல்லை வகுக்காவிடின் அதுவும் உலோபமாய் முடியும்.

அந்தக் குடும்பம் சேமிப்பைக் கைவிடவில்லை, திருத்திக்கொண்டது. நாள் ஒன்றுக்கு ரூ.100 என்பதில் ரூ.50 மட்டும் கடனுக்கு, ரூ.50 தனி வைப்புக்கு எனப் பிரித்தனர். முதலில் அடகுச் சங்கிலி மீட்கப்பட்டது. மிகுந்த வட்டிக் கடன் இருக்கையில் குறைந்த வட்டிக் கடனை முந்தி அடைப்பது பேதைமை. கடன் அட்டைப் பாக்கி வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். பின்னர், ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் வைப்பில் சேரும்வரை கூடுதல் தவணையை உயர்த்தவில்லை. மருந்து, பிள்ளையின் கல்வி, தானம் ஆகிய மூன்றும் கணக்கின் தலைப்பில் முதலில் எழுதப்பட்டன. அவற்றில் எவரும் கைவைத்தல் ஆகாது. உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானத்தை நம் நெறி வகுத்திருக்கிறது. அவற்றைக் குறைத்து வீட்டைச் சொந்தமாக்கினால், அவ்வீட்டில் குடிபுகுவது எந்த அறம்?

இப்போது வைப்பு நிறைந்துவிட்டது. கடனுக்கு மீண்டும் நாள் ஒன்றுக்கு ரூ.100 செல்கிறது; ஊதியம் உயரும் ஆண்டுகளில் சிறிது கூடவும் செல்கிறது. வட்டி இடையில் ஏறியும் இறங்கியும் வந்ததால் பதினான்கு ஆண்டு என்னும் கணக்கு அப்படியே நிற்கவில்லை. ஆயினும் இருபதாம் ஆண்டுவரை இழுக்காது என்பது உறுதி.

கடன் தீரும் நாளில் செய்ய வேண்டியனவற்றையும் இளையோர் அறிந்திருத்தல் நலம். முழுத் தொகையும் செலுத்திய 30 நாள்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என 2023இல் ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. வங்கியின் காரணமாகத் தாமதமாயின், நாள் ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தரல் வேண்டும். கடன் தீர்ந்தமைக்கான சான்று பெறுக. பத்திர ஒப்படைப்பு பதிவாகியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குரிய ரசீதைப் பதிவு செய்க. பின்னர் வில்லங்கச் சான்று எடுத்து, கடன் நீங்கியது பதிவாகியுள்ளதா எனப் பார்த்துக்கொள்க.

வினைகள் உயிரை விட்டு உதிர்வதை நம் நூல்கள் இருவகையாகக் கூறும். உரிய காலத்தில் பயன் தந்து தானே உதிர்வது சவிபாக நிர்ஜரை. அக்காலம் வருமுன்னரே தவத்தால் உதிர்ப்பது அவிபாக நிர்ஜரை. இருபது ஆண்டுத் தவணை தானே தீர்வது முன்னதைப் போன்றது. அன்றாட எல்லையால் முந்தித் தீர்ப்பது பின்னதைப் போன்றது. ஆயினும் ஒன்று: புதிய வினை வந்து சேரும் வாயிலை அடைக்கும் செறிப்பு இல்லையேல் உதிர்ப்பால் பயனில்லை. ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டே வேறொரு கடனுக்குக் கையெழுத்திடுவோர் இதனை எண்ணுக.

அம்மூதாட்டி இன்று ஊன்றுகோல் துணையுடன் நடக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு நாளுக்குரிய மாத்திரைகளை மகனே எண்ணி அந்தப் பழைய டப்பாவில் இடுகிறார். அதன்பின்தான் அவ்வாரக் கணக்கை எழுத அமர்கிறார்.

இல்லறத்தார் அனைவரும் அளவறிந்து நுகர்ந்து, கட்டு நீங்கி வாழ்வாராக. அறம் வளர்க, ஜினநெறி வெல்க.