யந்திரக் கையும் தொழிலாளியும்



தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற யந்திரக் கையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கிறோம். இதைக் கேட்டால் சிலர் "கலி முற்றிற்று" என்பார்கள். சிலர் "விதிப்படி நடக்கட்டும்" என்பார்கள். இரண்டும் சோம்பேறிப் பேச்சென்பதே நமது அபிப்பிராயம். யந்திரம் வானத்திலிருந்து குதித்ததல்ல. மனிதன் செய்தான், மனிதனே திருத்தலாம்.

'ரோபோ' என்கிற பேரைப் பாருங்கள். 1920-ல் செக் எழுத்தாளர் கரேல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து அது வந்தது. 'ரொபோட்டா' என்றால் அவர்கள் பாஷையில் பண்ணைக்காரனுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. நாம் வெட்டிவேலை என்கிறோமே, அதுதான்.

முதலில் வந்த ரோபோக்களுக்கு ஆளும் தெரியாது, இரும்பும் தெரியாது. 1979-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து மோட்டார் தொழிற்சாலையொன்றில் ரோபோ அடித்து ஒரு தொழிலாளி மாண்டார். இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே அவைகளைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்தார்கள்.

பிறகு 1996-ல் அந்நாட்டு நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆசிரியர்களான கோல்கேட், பெஷ்கின் இருவரும் வேறு மாதிரி யந்திரம் கண்டார்கள். தள்ளுகிற பலம் ஆளுடையது. வழி தப்பாமல் திருப்புவது மட்டும் யந்திரத்தினுடையது. இதற்குக் 'கோபாட்', அதாவது கூட்டாளி ரோபோ என்று பேர். 2008-ல் டென்மார்க்கின் யூனிவர்சல் ரோபாட்ஸ் கம்பெனி, ஆள் மேல் பட்டால் அந்தத் தடையை உணர்ந்து நின்றுவிடும் கையை விற்கத் தொடங்கிற்று. உடம்பின் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கு 2016-ல் சர்வதேச அளவும் ஏற்பட்டது.

2013-ல் அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் நகரில் பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். கார்க் கதவுக்குள் தண்ணீரும் சத்தமும் புகாதபடி ஒட்டுகிற படலத்தை உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தினமும் அதையே செய்கிறவன் மணிக்கட்டு என்ன கதியாகும்? அந்த வேலையை யந்திரக் கைக்குக் கொடுத்தார்கள். ஆள் பக்கத்திலேயே வேறு வேலை செய்தார். இது நல்லதென்றே சொல்லுகிறோம்.

ஆனால் கூட்டாளி என்று பேர் வைத்ததாலேயே ஆபத்தில்லை என்பது மூடநம்பிக்கை. மெதுவாய்ப் படுகிற கையானாலும், அதில் கத்தியையோ கூரான தகட்டையோ பிடிக்க வைத்தால் ஆளை வெட்டாதா? ஆகவே கை, கருவி, சாமான், ஆள் நிற்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்தே பரீட்சிக்க வேண்டும். அதற்கு அங்கே நிற்கிற தொழிலாளியைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

யந்திரத்தை உடையுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. ஒருவனுடைய கைவலி தீர்ந்தது, ஆனால் பக்கத்திலிருந்தவனுடைய கூலியும் போயிற்று என்றால், அது யாருக்குக் கூட்டாளி என்றுதான் கேட்கிறோம். மிச்சமாகிற நேரத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். யந்திரத்தைப் பழக்கும் வித்தையையும் அவனுக்கே கற்றுக் கொடுக்க வேண்டும். இக்கையைப் பிடித்து நடத்திக் காட்டினாலே பாடம் படித்துக் கொள்ளும் வகைகள் உண்டு. ஆகையால் நம்மைப்போல் பள்ளிக்கூடம் அதிகம் பாராதவர்களுக்கும் அது எட்டாத வித்தையல்ல.

தோழர்களே! ஆள் மேல் பட்டால் யந்திரம் நிற்கிறது. லாப ஆசை ஆள் மேல் ஏறும்போது அதை நிறுத்துவது யார்? அது கடவுள் வேலையல்ல. நீங்கள் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய வேலை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.