பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்!



உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னீங்க. லண்டன்ல ஆரம்பிக்கிறேன். ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், அந்த ஊர் மாடி பஸ்ஸை ஆராய்ந்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸுதான். மாரடைப்பு யாருக்கு அதிகம்? டிரைவருக்கு! அவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க தினம் ஐந்நூறு, அறுநூறு படி ஏறினார். 1953-ல இதை உலகத்துக்குச் சொன்ன மாரிஸ், 2009-ல காலமானப்போ அவருக்கு வயசு 99!

கை தட்டுங்க, நல்லாத் தட்டுங்க! அதுல பாதி, எங்களை உட்கார விடாத எங்க பி.டி. வாத்தியாருக்குச் சேரணும். பேரைச் சொன்னா கோவிச்சுப்பார். கழுத்துல விசில், கையில சுண்ணாம்பு வாளி. கபடிக்குக் கோடு அவரே போடுவார். ஓரமா ஒதுங்கி நிக்கிற நோஞ்சான் பையனைத்தான் முதல்ல பாடிப் போகச் சொல்வார்.

இன்னிக்கு அந்த பீரியடு எங்கே? பத்தாம் வகுப்புன்னா கணக்கு வாங்கிக்குது, பன்னிரண்டுன்னா டெஸ்ட்டு வாங்கிக்குது! பிள்ளைங்க தினம் சராசரியா 60 நிமிஷம் ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இருந்த ஒரு பீரியடையும் நாம பிடுங்கிட்டோம். நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்லுச்சு. அடுத்து 13 கோடிப் பேர் அதோட வாசல்ல நிக்கிறாங்க!

இதுக்கு நடுவுல சத்துப் பவுடர் டப்பாவைத் தூக்கிட்டு வர்றாங்க சில பேர். யாருன்னு உங்க வீட்டு டிவிக்குத் தெரியும்! பால்ல ரெண்டு ஸ்பூன் போட்டா பிள்ளை வளருமாம். அம்மா, டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவுன்னு படிங்க! ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முளைகட்டின பயறு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை கொடுங்க. பெரியவங்களுக்கும் சொல்றேன்: சோற்றைக் குறைங்க, பொரியலையும் பருப்பையும் கூட்டுங்க. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்குலதான் வரும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்க.

எங்க வாத்தியார் எண்பதைத் தாண்டியும் மார்க்கெட்டுக்கு நடந்துதான் வர்றார்! அவர் கொடுத்ததை நம்ம பிள்ளைகளுக்கு மறுக்க நாம யாரு?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போங்க. மார்க்கு கேட்கிறதுக்கு முன்னாடி டைம்டேபிளைக் கேளுங்க. பி.டி. பீரியடுல பிள்ளை மைதானத்துல நிக்கணும்னு சொல்லுங்க. கொடுக்கிற வரைக்கும் விடாதீங்க!